பேர்க்காரம்மாவின் பட்டியல்

காலையில் போன் அடித்தால் எடுக்க இன்னும் எனக்குப் பயம். காரணம் அவள்தான்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த அவளுக்குப் பேர்க்காரம்மா என்று பட்டம் வைத்தவன் நான். குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் பெட்டிகளுக்கு எங்கள் ஆபீஸில் புரோகிராம் எழுதுகிறோம். ஹீட்டர் பகுதியில் ஒரு பெயர், அலாரம் பகுதியில் இன்னொன்று என்று வெப்பம், ஈரப்பதம் போன்ற அளவுகளுக்கு அவரவர் இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருந்தோம். அவள் வந்ததும் பட்டியல் போட்டாள். எந்தப் பாகம், எதன் அளவு, எந்த அலகு என்று மூன்றும் பெயரிலேயே இருக்க வேண்டுமாம். எல்லோரும் அதையே எழுத வேண்டுமாம்.

"பெத்த பிள்ளைக்கே யாரும் இவ்வளவு யோசிச்சுப் பேர் வைக்கிறதில்லம்மா" என்றேன்.

"பிள்ளையைப் பேர் மாத்திக் கூப்பிட்டா திரும்பிப் பார்க்காது, அவ்வளவுதானேண்ணா. புரோகிராம் சொல்லாம கொள்ளாம வேற எண்ணை எடுத்துக்கும்."

எல்லா அளவுகளும் இருக்கும் செட்டிங்ஸ் கோப்பில் பழைய பெயர்களை அவள் அழிப்பதற்கு முன், என் பொறுப்பிலிருந்த அலாரம் பகுதியில் புதுப் பெயருக்கு மாற்றிவிட்டேனா என்று என்னிடம் கேட்டாள். "ஆச்சு, ஆச்சு" என்றேன். ஆகவில்லை. நேற்று வந்தவள் எனக்குச் சொல்வதா என்ற கொழுப்பு. சோதித்துப் பார்க்காமலே சோதனைத் தாளிலும் நானே டிக் போட்டேன்.

புது வெர்ஷன் ஆஸ்பத்திரிகளுக்குப் போன பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. காலை பதினொரு மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, தங்கச்சிக்கு எட்டாம் மாசமே பிறந்திடுச்சு. நம்ம பெட்டியிலதான் வெச்சிருக்காங்க, புது வெர்ஷன். அலாரத்துல பேர் மாத்தினீங்கதானே?"

முப்பத்தெட்டு டிகிரியில் கத்த வேண்டிய அலாரம், பழைய பெயரைத் தேடிக் கிடைக்காமல், புரோகிராமில் முன்பே போட்டிருந்த நாற்பத்தைந்தை எடுத்துக்கொண்டு அதுவரை வாயே திறக்காது. பொய் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"இல்லம்மா. மாத்தல."

அவள் திட்டவில்லை. "சிஸ்டர்! குழந்தையைப் பழைய பெட்டி ஒண்ணுக்கு மாத்துங்க, இதுல அலாரம் அடிக்காது!" என்று அலறுவது கேட்டது. யாரோ ஓடினார்கள். ஏதோ கீழே விழுந்தது. ஒரு பெண் அழத் தொடங்கினாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் அப்படியே விட்டுப்போன போனை நான்கு நிமிடம் யாரும் எடுக்கவில்லை.

"மாத்தியாச்சு. நல்லா இருக்கான்" என்றாள், மூச்சு வாங்க. "மத்த ஆஸ்பத்திரிக்கெல்லாம் இப்பவே சொல்லுங்க. உங்க பகுதியில என்ன பேர் வெச்சிருந்தீங்க?"

"லிமிட்."

"எதோட லிமிட்டுண்ணா?"

புரோகிராமில் தேடிப் பார்த்தேன். அந்தப் பெயர் இருபத்து மூன்று இடங்களில் இருந்தது. எது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.