பத்துப் பெட்டி பூச்சி மாத்திரை

பெங்களூரில் பொம்மசந்திரா பக்கத்தில் ஒரு சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவன் நான். பதினெட்டு வருஷமாக ஜன்னல் வழியே கைகளைத்தான் பார்க்கிறேன். முகம் பார்க்கக் குனிய வேண்டும். என் தொப்பை அதற்கு ஒப்புக்கொள்வதில்லை.

அன்றைக்குக் குனிந்தே பார்த்தேன். காலி மாத்திரை அட்டையோடு நின்றது, பக்கத்து ஃபேக்டரியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிற கோலார் தங்கவயல்காரர் ஒருவரின் மனைவி. கணவருக்கு வலிப்பு. மாத்திரை தவறினால் ஓடுகிற மெஷின் மேலேயே விழுவார்.

“அண்ணா, வீட்டுல இன்னும் ரெண்டு நாளுக்குத்தான் இருக்கு. வெளிய வாங்க இந்த மாசம் கையில ஒண்ணுமில்ல.”

“வந்துடும்மா. அடுத்த வாரம் வா.”

“போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. நீங்க மாத்திரை குடுக்கறீங்களா, தேதி குடுக்கறீங்களா?”

எனக்குப் பின்னால் ஸ்டோர் அறையில் பூச்சி மாத்திரை பத்துப் பெட்டி கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. காரணம் நான்தான். போன வருஷம் கொஞ்சம் பூச்சி மாத்திரை காலாவதியாகும் நிலையில் இருந்தது. வீணானால் மெமோ வரும். தலைவலி என்று வந்தவருக்கும் முழங்கால் வலி என்று வந்தவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துத் தீர்த்தேன். நானும் இரண்டு சாப்பிட்டேன். எங்கள் வட்டாரம் முழுக்க வயிற்றில் பூச்சிதான் என்று மேலே இருக்கிற கம்ப்யூட்டர் முடிவுகட்டி, லாரியில் அனுப்பிவைத்தது.

மாவட்ட ஸ்டோருக்கு போன் போட்டேன்.

“ஏன்ரீ, உங்க ஏரியால யாருக்கும் வலிப்பே இல்லையே!” என்றார் அங்கிருந்த அதிகாரி. “மூணு மாசமா ஒரு மாத்திரைகூட செலவாகல. கம்ப்யூட்டர்ல ஜீரோ.”

“ஸ்டாக்கே ஜீரோ சார். எப்படி செலவாகும்?”

“அதையேதான் நானும் கேக்கறேன். செலவே இல்லாம எப்படி ஸ்டாக் அனுப்பறது?”

“ஆளுங்க வந்து திரும்பிப் போறாங்க சார்.”

“திரும்பிப் போனவங்கள எங்க என்ட்ரி போட்டீங்க?”

எங்கேயும் போடவில்லை. அத்தனை பேரிடமும் இனிக்க இனிக்க ‘அடுத்த வாரம்’ என்றேனே தவிர, ஒருவரையும் எழுதிவைக்கவில்லை. வெறும் மரியாதையாலேயே ஒரு வட்டாரத்தில் வலிப்பை ஒழித்தவன் நான். மாலை போட்டு மேடையேற்றாததுதான் பாக்கி.

பார்மசிஸ்ட்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: “பூச்சி மாத்திரை ஏராளமாக உள்ளது. வலிப்பு மாத்திரை உள்ளவர்கள் தொடர்புகொள்ளவும்.” வரன் தேடுகிற விளம்பரம் மாதிரி இருக்கிறதென்று எட்டுப் பேர் சிரித்தார்கள். எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் வேலை பார்க்கும் ஓர் அம்மா மட்டும் கூப்பிட்டார்.

“நாளன்னிக்கு ஸ்கூல் புள்ளைங்களுக்குப் பூச்சி மாத்திரை குடுக்கணும், எங்களுக்கு ஒண்ணுகூட வரல. எல்லாம் உங்க பக்கம் போச்சாம். சோத்துக்குப் பதிலா அதத்தான் திங்கறீங்களா?”

“நான் ரெண்டே ரெண்டுதான் மேடம்.”

ஸ்கூட்டரில் இரண்டு பெட்டியைக் கால் நடுவே வைத்து ஓசூர் ரோட்டில் போனேன். திரும்பும்போது பையில் ஓர் ஆளுக்கு ஒரு மாதத்துக்கான வலிப்பு மாத்திரை. அதற்கு மேல் அவரிடமும் இல்லை.

மறுநாள் காலையிலேயே அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது பூச்சி மாத்திரை இல்லையே அண்ணா?” என்றாள். இந்த முறை ஒழுங்காக என்ட்ரி போட்டேன்.

அடுத்த மாதம் மாவட்ட ஸ்டோரிலிருந்து சரக்கு வந்தது. வலிப்பு மாத்திரையும் இருந்தது, சரியாக ஒரே ஓர் ஆளுக்கு. இரண்டு பெட்டி பூச்சி மாத்திரை செலவாகியிருந்ததால், அது நான்கு பெட்டி.

அவள் வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். ஜன்னலுக்குள் இன்னொரு கை நீண்டது, அதே மாதிரி காலி அட்டையோடு. ‘அடுத்த வாரம்’ நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு ஒரு நோட்டைத் திறந்தேன்.

“பேரு சொல்லுங்க.”

“பேரு எதுக்கு சார்? மாத்திரை குடுங்க.”

“உங்களுக்கு வலிப்பு இருக்கறது கம்ப்யூட்டருக்கு இன்னும் தெரியாது.”

“எனக்குத் தெரியுதே சார், பத்தாதா?”