முடி முளைத்த பிறகு சொல்கிறேன்

வழுக்கைக்கு மருந்து வரப்போகிறது என்ற செய்தி அந்தக் கடைத்தெருவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து சேர்ந்தது. மதியத்துக்குள் அதற்குக் கை கால் முளைத்துவிட்டது. மருந்துக்கடையில் நோட்டு போட்டிருக்கிறார்களாம், பெயர் எழுதி வைத்தால் முதல் சரக்கிலேயே பங்கு உண்டாம், நாற்பத்தைந்து பேர் எழுதியாகிவிட்டதாம். சாயங்காலம் தேநீர்க்கடையில், மூன்று மாதத்தில் முடி காது வரைக்கும் இறங்குகிறதாம் என்று ஒருவர் சொன்னார். தடவினால் உள்ளங்கையிலும் முளைக்கும், ஜாக்கிரதை என்றார் இன்னொருவர்.

தெரு லேசாக நிலைகுலைந்தது. தொப்பிக் கடைக்காரர் ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று அட்டை எழுதி மாட்டினார். வழுக்கை மாப்பிள்ளைக்குப் பெண்ணை நிச்சயம் செய்திருந்த தையல்கடைக்காரர், கல்யாணத் தேதியை அவசர அவசரமாக முன்னால் இழுத்தார். முடி வந்த பிறகு மாப்பிள்ளை வேறு பெண் பார்க்கக் கிளம்பிவிட்டால் யார் பொறுப்பு? நாலு கடைகளுக்குச் சொந்தக்காரரான பெரியவருக்கு வேறு கவலை. இந்தத் தலையைப் பார்த்துத்தான் வாடகையை ஒழுங்காகக் கொடுக்கிறார்கள், சுருட்டை முடியோடு போய் நின்றால் எவன் மதிப்பான் என்று புலம்பினார்.

இதையெல்லாம் காதில் வாங்கியும் வாங்காத மாதிரி இருந்தவர் ஒருவர்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் பொருத்துகிறவர், வயது நாற்பத்து மூன்று. தெருவுக்கு அவர் கண்ணாடிக்காரர். முதுகுக்குப் பின்னால் பேசும்போது 'ஒளிவட்டம்'.

இருபத்தெட்டாவது வயதில் அவருடைய நெற்றி மேலே ஏறத் தொடங்கியது. முப்பதில் ஒரு பத்திரிகை, ஐந்தே ஆண்டுகளில் மருந்து என்று எழுதியது. நம்பினார். முப்பத்தைந்தில் வேறொரு பத்திரிகை அதே ஐந்து ஆண்டுகளைச் சொன்னது. அதையும் நம்பினார். ஐந்து ஆண்டு என்பது மருந்து ஆராய்ச்சியில் ஒரு கால அளவு அல்ல, மரியாதைக்குச் சொல்கிற ஒரு பதில் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

போதாக்குறைக்கு அவர் கடையில் பதினொரு நிலைக்கண்ணாடிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தலை. இதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். கண்ணாடி தளர்ந்துவிட்டது என்று யார் வந்து உட்கார்ந்தாலும், "முதல்ல கழட்டிக் குடுங்க" என்று கை நீட்டி வாங்கிக்கொள்வார். பிறகுதான் குனிவார். கம்பியைச் சூடு காட்டி வளைத்து, திருகை முடுக்கி, மூக்கில் உட்காரும் பட்டையைச் சரிசெய்யும் அந்த ஐந்து நிமிடமும் அவர் உச்சந்தலை வாடிக்கையாளரின் முகத்துக்கு நேராக இருக்கும். ஆனால் எதிரில் இருப்பவருக்கு எல்லாம் புகைமூட்டம். நிமிர்ந்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்துக்கொண்ட பிறகே கண்ணாடி திரும்பப் போகும். பதினைந்து வருடமாக இந்த முறையில் ஒரு பிசகு இல்லை.

அப்படி வந்து உட்கார்ந்தவர்களில் ஒருத்தி எதிர்வரிசை மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். முப்பத்தெட்டு வயது. கண் பவர் மைனஸ் ஏழு. அவள் கண்ணாடி மட்டும் மாதம் இருமுறை தளரும். ஏன் தளர்கிறது என்று யோசிக்கத் தெரியாத அளவுக்கு அவர் நல்ல தொழில்காரர். தரமான திருகாகப் பார்த்து மாற்றிக்கொண்டே இருந்தார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், அவர் குனிந்திருந்தபோதே அவள் கேட்டுவிட்டாள்.

"சுத்தி வளைக்காம கேக்கறேன். நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அவர் கையிலிருந்த திருகு கீழே விழுந்தது. அதைத் தேடும் சாக்கில் மேஜைக்கடியில் தேவைக்கு மேல் இருந்துவிட்டு எழுந்தார்.

"ஒரு வருஷம் டைம் குடுங்க."

"எதுக்கு?"

"ஒரு வேலை பாக்கி இருக்கு. முடிச்சிட்டுச் சொல்றேன்."

இந்தப் பேச்சு எப்படியோ அவருடைய அக்காவின் காதுக்குப் போயிற்று. அக்கா வீட்டு மாடி அறையில்தான் அவர் இருந்தார். "தேடி வந்து கேட்டிருக்கா. யோசிக்கிறாராம், யோசிக்கிறாரு. ஏன்டா, அந்தத் தலைக்குள்ள யோசனை வேற ஓடுதா?" என்று அக்கா சோறு போடும்போதெல்லாம் கேட்டாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அத்தானும் முழு வழுக்கைதான். அவர் மட்டும், "விடு, அவனுக்கு என்ன கணக்கோ" என்று தட்டைப் பார்த்துச் சொல்வார்.

ஒரு வருடம் மூன்றாயிற்று. அவள் திரும்பக் கேட்கவில்லை. கண்ணாடி தளர்வதும் குறைந்து, பிறகு நின்றேபோனது. திருகின் தரம் உயர்ந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இப்போது மருந்து வருகிறது என்கிறார்கள். நிஜமா என்று தெரிந்துகொள்ள முதலில் முடிவெட்டும் கடைக்குப் போனார்.

"நிஜமான்னு கேட்டா என்ன சொல்ல, நான் ரெண்டாவது நாற்காலிக்கு ஆர்டர் குடுத்துட்டேன்," என்றார் முடிவெட்டுகிறவர். "நோட்டுல என் பேரும் இருக்கு."

"உங்களுக்குத்தான் காடு மாதிரி இருக்கே."

"எனக்கு எதுக்கு சார். யார் யார் எழுதியிருக்காங்கன்னு பாக்கணும்னா நாமளும் எழுதணும்ல. பெரிய பெரிய தலையெல்லாம் இருக்கு. உங்க பேரும் இருக்கு."

"நான் எழுதவே இல்லையே."

"அப்ப உங்க மேல யாருக்கோ அக்கறை இருக்கு."

அதற்கு மேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. மருந்துக்கடையில் கூட்டம் குறையும் மூன்று மணி வரை பொறுத்திருந்து தெருவைக் கடந்தார். சொல்ல வேண்டியதையும் மனதில் தயாராக வைத்திருந்தார். மருந்து நிஜமென்றால், இன்னும் மூன்று மாதம் என்று தேதியோடு கேட்டுவிடலாம். இந்த முறை தேதி இருக்கிறது.

அவள் இருமல் மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தலைமுடி மருந்து வருதாமே," என்றார்.

"வரல," என்றாள் அவள், திரும்பாமல். "எந்தக் கம்பெனியும் அனுப்பல. வர்ற மாதிரியும் தெரியல."

"அப்ப நோட்டு?"

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நீல அட்டை நோட்டை எடுத்து அவர் முன் வைத்தாள். முதல் பக்கத்தில், முதல் வரியில், அவளுடைய கையெழுத்தில் அவர் பெயர். பக்கத்தில் மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி.

"அன்னிக்கு டைம் கேட்டீங்க. மறுநாள் காலையில இங்க வந்து, சொந்தக்காரர் ஒருத்தருக்காக, முடி மருந்து வந்தா சொல்லுங்கன்னீங்க. எனக்குக் கூட்டிக் கழிக்கத் தெரியாதா? எழுதி வெச்சுக்கிட்டேன். மருந்துக் கம்பெனி ஆளு யார் வந்தாலும் கேட்டேன். அவங்க என்ன நெனச்சாங்களோ, போட்டிக் கம்பெனிக்காரன் கொண்டு வரான்னு நெனச்சு அடுத்த கடையில போய்க் கேட்டாங்க. அவங்க இன்னொரு கடையில கேட்டாங்க. சுத்திச் சுத்தி, வரப்போகுதுன்னு இங்கயே திரும்பி வந்துருச்சு. நோட்டப் பாத்தவங்க எல்லாம் உங்க பேருக்குக் கீழ எழுதிட்டாங்க. வேணாம்னு சொன்னா, சரக்கைப் பதுக்கறேன்னு சண்டைக்கு வராங்க."

அவர் நோட்டைப் பார்த்தபடியே கேட்டார். "தெரிஞ்சிருந்தும் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உங்களுக்கு அசிங்கமா இருக்கும்னு நெனச்சேன். நான் பண்ண தப்பு அது." இழுப்பறையை மூடினாள். "உங்க உச்சியில, கொஞ்சம் இடது பக்கமா, ஒரு மச்சம் இருக்கு. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. பதினொரு கண்ணாடியும் அதை அவருக்குக் காட்டியதில்லை.

"நீங்க எப்படி..."

"மைனஸ் ஏழு வெச்சுக்கிட்டு ஒரே கண்ணாடியோட யாராவது வெளிய வருவாங்களா? பழசு எப்பவும் பையில இருக்கும். நீங்க குனிஞ்சதும் போட்டுக்குவேன். நிமிரும்போது கழட்டிருவேன். நீங்க கஷ்டப்பட்டு மறைக்கறீங்க, அதைக் கெடுப்பானேன்னு."

அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்று மாதம், தேதி, எல்லாம் மறந்துபோயிருந்தன. மருந்து இல்லாமலே கேட்கலாம் என்பது பதினைந்து வருடத்தில் முதல் முறையாக அவருக்குத் தோன்றியது. "இப்ப நான் கேட்டா..." என்று ஆரம்பித்தார்.

"போன வெள்ளிக்கிழமை சரின்னு சொல்லிட்டேன்," என்றாள். "என் சித்தி பாத்த மாப்பிள்ளை. பஸ் டிப்போவுல வேலை. பத்து நாள்ல அந்த ஊருக்குப் போயிடுவேன்."

அந்த நேரத்தில் கேட்பதற்கு உலகத்தில் எத்தனையோ கேள்விகள் இருந்தன. அவர் கேட்டது இது:

"அவருக்கு முடி இருக்கா?"

அவள் நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்த்தாள்.

"கவனிக்கலையே," என்றாள்.

ஒரு வாடிக்கையாளர் வந்து காய்ச்சல் மாத்திரை கேட்டார். கொடுத்து அனுப்பிவிட்டு, நோட்டைக் கண்ணாடிக்காரர் பக்கம் தள்ளினாள். "புதுசா வர்ற பொண்ணு இதை வெச்சுக்கிட்டு அல்லாடும். உங்க பேருல ஆரம்பிச்சது. மருந்து வரலன்னு எல்லார்கிட்டயும் நீங்களே சொல்லிடுங்க. காத்திருக்க வெச்சுட்டு விட்றது நல்லால்ல."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவள் ஊருக்குப் போன மறுநாள் அவர் வேலையை ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடை கடையாக ஏறி இறங்கினார். முதல் வரியைத் தானே அடித்தார். முடிவெட்டுகிறவர், நாற்காலிக்காரனிடம் இனி எப்படிப் பேசுவது என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நாலு கடைக்குச் சொந்தக்காரப் பெரியவர், தப்பித்தேன் என்று சொன்னாலும் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தையல்கடைக்காரர் பெண்ணுக்கு அதற்குள் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் பெயரும் நோட்டில் இருந்தது. செய்தி கேட்டு அந்த மாப்பிள்ளை, தன் புது மனைவியின் முகத்தைத்தான் முதலில் பார்த்தார். சிலர் நம்பவில்லை. உனக்கு மட்டும் தனியாக வாங்கிக்கொள்கிறாயா என்று ஒருவர் அவர் தலையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று குனிந்து காட்டினார்.

மூன்று வாரத்தில் நாற்பத்து நான்கு வரிகளை அடித்தாயிற்று. முப்பத்தோராம் வரி மட்டும் அப்படியே இருக்கிறது. இனிஷியல்தான், பெயர் இல்லை. ஆனால் சாய்வான அந்தக் கையெழுத்தில் எழுதிய மளிகைச் சீட்டைத்தான் அவர் மாதாமாதம் கடைக்கு எடுத்துப் போகிறார். எழுதியவர் தினமும் அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

நேற்றும் அக்கா கை கழுவப் போன நேரம் பார்த்து, அத்தான் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"ஏன் மாப்ளே, அந்த மருந்துக்கடைப் பக்கம் ஏதாவது விசேஷமா? சும்மாதான் கேக்கறேன்."

"விசாரிச்சுச் சொல்றேன் அத்தான்," என்றார் கண்ணாடிக்காரர்.