எலுமிச்சை எடையில் ஒரு கருவி

திருப்பூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். ஊர்க் காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்கிறதென்று பல வருடங்களாக மொட்டை மாடியில் அளந்து வந்தவள் நான்தான். பாய்லர் புகையிலும் டீசல் புகையிலும் வரும் வாயு அது. என் இயந்திரத்தின் மோட்டார் காற்றை இழுத்து ஒரு கரைசலுக்குள் விடும். பிறகு மருந்து சேர்த்தால் கரைசல் இளஞ்சிவப்பாகும். நிறம் அடர்ந்தால் வாயு அதிகம். அந்த இயந்திரத்தைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

தாராபுரத்திலிருந்து எங்கள் துறைக்குப் புதிதாக வந்த ஆசிரியை, அதே வாயுவை அளக்க ஒரு கருவி செய்தாள். எலுமிச்சம்பழ எடைதான். பலூனில் கட்டிப் பறக்கவிடப் போகிறாளாம். ஆசிரியர் கூட்டத்தில் அவளை நிற்கச் சொல்லி எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், சத்தம் வராமல்.

அன்று மாலை என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, உங்க மெஷின் பக்கத்துல என்னோடதக் கொஞ்ச நாளைக்கு வெச்சுக்கட்டுங்களா? ரெண்டும் ஒத்து வருதான்னு பாக்கோணுங்க."

"வெச்சுக்க கண்ணு," என்றேன். ஒத்து வரக்கூடாதென்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன்.

ஒத்து வரவில்லை. உச்சி வெயிலில் அவள் கருவி தாறுமாறாகக் காட்டியது. சந்தோஷம் குரலில் தெரியாதபடி அதைச் சொன்னேன். அவள் முகம் வாடவில்லை.

"இதுதானுங்க அக்கா எனக்குத் தெரியோணும்," என்றாள். என் அளவுகளை வைத்தே, சூட்டுக்கு எவ்வளவு கழிக்க வேண்டுமென்று கண்டுபிடித்துவிட்டாள்.

பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், விடிகாலைக் குளிரில் பலூனை விட்டோம். கயிற்றை நான் பிடித்திருந்தேன். மேலே போகப் போக அளவு குறையுமென்று நினைத்தேன். தென்னைகளைத் தாண்டியதும் கூடியது. குளிரில் புகை அங்கேயே தங்கி நின்றிருக்கிறது. இத்தனை வருடம் என் தலைக்கு மேல் இருந்ததை என் இயந்திரம் அறியவில்லை. வயிறு எரிந்தது.

பத்திரிகைக்காரர் வந்தபோது அவள், "அக்காவோட அளவு இல்லீன்னா இது நின்னிருக்காதுங்க," என்றாள். அது இன்னும் எரித்தது. அவள் கொஞ்சம் அற்பமானவளாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

கடைசியில் கேட்டேவிட்டேன்.

"எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு."

சில நாட்களில் கொடுத்தாள். கைப்பையில் மாட்டிக்கொண்டு, நான் குடியிருக்கும் அவிநாசிபாளையத்தில் வழக்கமான காலேஜ் பஸ்ஸில் ஏறினேன். திருப்பூருக்குள் வந்து சிக்னலில் நின்றபோது, முன்னால் நின்ற லாரியின் புகை ஜன்னல் வழியே உள்ளே வந்தது. பலூனில் பார்த்ததையெல்லாம் மிஞ்சி அளவு ஏறியது. பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் அந்தக் காற்றில்தான் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே காட்டியது.

என் பழைய இயந்திரத்தோடு கருவியை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, பஸ்ஸில் எடுத்த அளவுகளை அவளிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"பஸ்ஸுக்குள்ளயா? எனக்கு ஏனுங்கக்கா இது தோணவே இல்ல?"

சிரித்தாள். அந்தச் சிரிப்பு வரக் கொஞ்சம் தாமதமானது. அது என்ன தாமதமென்று எனக்கு நன்றாகவே தெரியும்.

அன்று மதியம் வெறும் தயிர்சாதம் அப்படி ருசித்தது.