முழு ஊசி

உடைந்த ஊசியின் துண்டுகளை வெள்ளைத் தாளில் ஒவ்வொன்றாக வைத்து, பக்கத்தில் ஒரு முழு ஊசியைப் படுக்கப் போட்டு, பெர்னதெத் குனிகிறார். எதிரே நிற்கும் தையல்காரப் பெண் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாள். ஒரு துண்டு பறந்துபோனாலும் அவளுக்குப் புது ஊசி கிடையாது. இரண்டும் ஒரே நீளம் என்று கண்ணுக்குத் திருப்தியானால் துண்டுகளை ரிஜிஸ்டரில் செல்லோடேப்பால் ஒட்டி, எந்தத் தையல் வரிசை என்று லைன் எண், நேரம், உடைத்தவர் பெயர் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுவார். திருப்தி இல்லையென்றால் ஒரே வார்த்தைதான்.

"தேடு."

பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையில் ஊசி கொடுக்கும் மேஜை அவருடையது. அங்கே தைப்பதெல்லாம் வெளிநாட்டுக் கைக்குழந்தைகளுக்கான கவுன். ஒரு ஊசித்துண்டு துணியில் மாட்டிக்கொண்டு போய்விட்டால் அது எந்தப் பிஞ்சுக் கழுத்தில் குத்தும் என்று சொல்ல முடியாது. அதனால் உடைந்த ஊசி முழுதாகத் திரும்பினால்தான் புது ஊசி. உலோகத்தைக் கண்டுபிடிக்கும் மிஷின் பெரிய கம்பெனிகளுக்கு வந்துவிட்டது. இங்கே இந்தத் தொண்ணூற்றேழிலும் பெர்னதெத்தின் கண்தான் மிஷின்.

கோலார் தங்கவயலில் பிறந்தவர், விவேக் நகரில் வாழ்க்கைப்பட்டவர். வயது நாற்பத்தாறு, உயரம் நாலே முக்கால் அடி. வியாழக்கிழமை குழந்தை யேசு கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. சேலையில் ஒரு பின்கூடக் குத்த மாட்டார். காலையில் தோள்மடிப்பை நூலால் தைத்துக்கொண்டு வந்து, சாயங்காலம் வீட்டில் பிரித்துவிடுவார். ஊசி மேஜைக்காரி உடம்பிலேயே கம்பி இருக்கலாமா என்பது அவர் வாதம். மீன் சாப்பிட்டால் முள்ளையெல்லாம் தட்டோரத்தில் அடுக்கி வைப்பார். "மீனு முழுசா வந்துச்சா, கையெழுத்துப் போடட்டா?" என்று கணவர் ஞானசேகரன் கேலி செய்வாராம்.

இத்தனை கறாரான மனுஷிக்கு ஒரு வீம்பு உண்டு. கண் மங்கிக்கொண்டே வந்தும் கண்ணாடி போட மாட்டேன் என்று இரண்டு மாதம் அடம்பிடித்தார். கடைசியில் போன ஜூலையில் ஞானசேகரன் கையைப் பிடித்துக் கடைக்கு இழுத்துப் போனார். செவ்வாய்க்கிழமை மாலை கண்ணாடி கைக்கு வந்தது.

மறுநாள் காலை அவர் செய்த முதல் வேலையை ஏழாவது லைனில் தைக்கும் மலரால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. புதுக் கண்ணாடி போட்டவர்கள் எதிரே இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். பெர்னதெத் ரிஜிஸ்டரின் பழைய பக்கங்களைத் திறந்தார். அந்த ஆர்டர் தொடங்கிய நாள்முதல் ஒட்டியிருந்த ஒவ்வொரு ஊசியையும் மறுபடி அளந்தார். திங்கட்கிழமைப் பக்கத்தில், மலரின் பெயருக்கு எதிரே, நின்றுவிட்டார்.

மலரின் மிஷினுக்கு வந்து ரிஜிஸ்டரை அவள் மடியில் வைத்தார். முழு ஊசியைவிட ஒட்டிய ஊசி குட்டையாக இருந்தது. நுனியே இல்லை. திங்கட்கிழமை தைத்த கவுன்கள் பெட்டிக்குள் போய், அரை மணி நேரத்துக்கு முன்புதான் சென்னைத் துறைமுகத்துக்கு லாரி ஏறியிருந்தன. சந்தாபுராவில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், வேலையில்லாத புருஷன் எல்லாம் ஒரே நொடியில் மலரின் கண்முன் வந்து போயின. "விட்ருங்கக்கா, யாருக்குத் தெரியப் போவுது" என்றாள்.

"கொழந்த துணி, மலரு" என்றார் பெர்னதெத். அவ்வளவுதான். ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு மேனேஜரின் கண்ணாடி அறையைப் பார்த்து நடந்தார்.

அந்த அறைக்குத் தானாக நடந்துபோனவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை. புரொடக்ஷன் மேனேஜர் ரங்கநாதன் கத்த மாட்டார். கத்தினால் பரவாயில்லை என்று இருக்கும். தப்பான துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் விடுவார். தைத்தவள் குனிந்து பொறுக்குகிறவரை அசையாமல் நிற்பார். கன்னடத்தில் திட்டினால் பிழைத்தோம், தமிழில் பேசினால் வேலை போச்சு என்று பெண்களுக்குள் ஒரு கணக்கு. பட்டனை மாற்றித் தைக்கவிட்ட சூப்பர்வைசர் தியோடரிடம் அவர் தமிழில் நாலே வார்த்தை பேசினார். தியோடர் சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்காமல் வீட்டுக்குப் போனார்.

மலர் பின்னாலேயே போய் வாசலோரம் நின்றாள். உள்ளே பெர்னதெத் சுற்றி வளைக்கவில்லை.

"சார், திங்கக்கெழம ஏழாவது லைன்ல ஒடஞ்ச ஊசி முழுசா இல்ல. முழுசுன்னு நான் கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டு மாசமா கண்ணு சரியா தெரியாமயே போட்டுனு இருந்திருக்கிறேன்."

இரண்டு மாதக் கதையை யார் கேட்டார்கள்? மலர் வாயைப் பொத்திக்கொண்டாள். ரங்கநாதன் பேனாவைக் கீழே வைத்தார். தமிழில் கேட்டார்.

"யாரு ஒடச்சது?"

"ஒடஞ்சது மிஷின்ல சார். தப்பு என் டேபிள்ல."

ரிஜிஸ்டரை அவர் முன் நீட்டினார். பெயர் எழுதிய இடத்தின்மேல் பெர்னதெத்தின் கட்டைவிரல் இருந்தது. ரங்கநாதன் அந்த விரலைப் பார்த்தார், நகர்த்தச் சொல்லவில்லை. கப்பல் வெள்ளிக்கிழமை என்றும், அதைத் தவறவிட்டால் ஆர்டரே ரத்தாகும் என்றும் தணிந்த குரலில் சொன்னார். பிறகு கேட்டார்.

"உன் வேல என்ன ஆவும்னு யோசிச்சியாம்மா?"

"யோசிச்சேன் சார். மொதல்ல லாரிய நிறுத்துங்க."

அறுநூறு பேர் நடுங்கும் ஒரு மனிதரிடம் யாராவது இப்படிச் சொல்வார்கள் என்று மலர் கனவில்கூட நினைத்ததில்லை. பயம் போய், அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ரங்கநாதன் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீயும் வா" என்று பெர்னதெத்தைக் கூட்டிக்கொண்டு போனார். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் அன்று லாரிகளின் வரிசை நீளம். இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் லாரி மாநில எல்லையைத் தாண்டியிருக்கும் என்று அதன் டிரைவர் பின்னால் சொன்னார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு லாரி திரும்பி வந்தது. திங்கட்கிழமை உருப்படி இருபத்திரண்டு பெட்டிகளில் கலந்திருந்தது. பெட்டிக்கு நாற்பது கவுன். ஏழாவது லைன் முழுவதும் தரையில் விரிப்புப் போட்டு உட்கார்ந்தது. காந்தத்தை மேலே ஓட்டி, பிறகு தையலை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பெண்களுக்கு நடுவில் ரங்கநாதனும் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் இருந்தவள் காந்தத்தைக் கைதவறிப் போட்டுவிட்டாள். அதை அவரே எடுத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் அந்தப் பெண்ணுக்கு வேலையே ஓடவில்லை.

மூன்றரை மணி வாக்கில், ஒன்பதாவது பெட்டியில், ரங்கநாதன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். விரலில் ஒரு பொட்டு ரத்தம். ஒரு கவுனின் கழுத்துப்பட்டி மடிப்புக்குள்ளிருந்து ஊசி நுனியை இடுக்கியால் வெளியே எடுத்தார். லைன் மொத்தமும் கைதட்டியது. மலர் பக்கத்திலிருந்தவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பேக்கிங்காரர்கள் டேப்பை எடுத்துக்கொண்டு பெட்டிகளை மறுபடி ஒட்டத் தயாரானார்கள்.

பெர்னதெத் கைதட்டவில்லை. நுனியை வாங்கி ரிஜிஸ்டர் தாளில் மற்றத் துண்டுகளோடு சேர்த்து வைத்து, முழு ஊசியைப் பக்கத்தில் போட்டுக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. மலர் எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு இரண்டும் ஒரே நீளம்தான். போதும்க்கா, இத்தோட போதும் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"சார்" என்றார் பெர்னதெத். "இன்னும் ஒரு துளி கொறையுது."

பேக்கிங்காரர்கள் டேப்பைக் கீழே வைத்தார்கள். ரங்கநாதன் எழுந்து வந்து தாளைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அந்தத் துளி தெரிந்ததா இல்லையா என்று மலரால் சொல்ல முடியவில்லை. பெர்னதெத்தின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, துணியில் கறை படாமல் இருக்க ரத்தம் கசிந்த விரலைத் தன் வெள்ளைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, போய் அதே இடத்தில் உட்கார்ந்து, பத்தாவது பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.