குமுளியில் இறங்கிக்கொண்டவன்

எனக்கு எழுபத்தாறு வயது. வளர்த்தது ஐந்து பேரை. வயிற்றில் சுமந்தது நான்கு. ஐந்தாவது என் கொழுந்தன். நான் அனுமந்தன்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் மாமியார் கண்ணை மூடிவிட்டார். அப்போது இவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. என் மூத்தவன் பிறக்கும் முன்பே என் முந்தானையைப் பிடித்து நடந்தவன் இவன். வாய் நிறைய "மதினி" என்று கூப்பிடுவான். ஆனால் என் வரைக்கும் அவன்தான் தலைப்பிள்ளை.

பிறகு லாரி ஓட்டப் போனான். பெண் பார்த்தால் தட்டிக் கழிப்பான். "அவன் லாரியக் கட்டிக்கிட்டான்" என்று ஊர் கேலி பேசும். எங்கள் பக்கத்துப் பன்னீர் திராட்சையை மலையேற்றிக் கோட்டயம் வரை கொண்டுபோவான். அந்த மலைப்பாதை மேல் எனக்கு எப்போதும் பயம். அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். மலைக்கு மேலே, கேரள எல்லையில் இருக்கிற குமுளிக்கு ஏறியதும் வண்டியை ஓரங்கட்டி, போன் கடையிலிருந்து வீட்டுக்குப் பேசுவான். "மதினி, ஏறிட்டேன்." அவ்வளவுதான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

அப்புறம் விவசாயிகளும் ஓட்டுநர்களும் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல காரியம்தான். முன்பெல்லாம் ஆளுக்கொரு வண்டி தேடி, பாதி வண்டி காலியாகப் போகும். இப்போது யார் தோட்டத்தில் எத்தனை பெட்டி அறுத்திருக்கிறது என்று போனிலேயே போட்டுவிடுகிறார்கள். எல்லார் பழமும் ஒரே வண்டியில் ஏறுகிறது. வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே ஓட்டுநரின் போனை மாட்டிவிட்டால், வண்டி எங்கே போகிறது என்று பச்சைப் புள்ளியாக எல்லார் வீட்டுப் போனிலும் தெரியும். ஓட்டுநருக்கு முடியவில்லையென்றால் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். பக்கத்தில் இருக்கிற சங்கத்து ஓட்டுநர் வந்து வண்டியை எடுத்துக்கொள்வார். லோடு நிற்காது.

"இனி எதுக்கு மதினி போனு? புள்ளியப் பாத்துக்கங்க" என்றான். "ஏலே, புள்ளி எங்கிட்ட பேசுமா?" என்று கேட்டேன். "நீங்க பேசுற பேச்சுக்கு அது எங்கன வாயத் தெறக்கும்?" என்று சிரித்தான்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். இதையே நான் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ஆனால் அந்தப் புள்ளியை வாசிக்க இந்த வீட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை. கூடலூர் தாண்டியது, லோயர் கேம்ப் வந்தது, வளைவில் எறும்பு மாதிரி ஊர்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன்.

அன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குமுளியில் புள்ளி கொஞ்ச நேரம் நின்றது. "டீ குடிக்கிறான்" என்றேன். பிறகு நகர்ந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் கோட்டயம் போய் நின்றது. லோடு இறங்கியது என்று செய்தி வந்தது. சங்கத்துக்காரர்கள் வரிசையாகப் பெருவிரல் படம் போட்டார்கள். "இறங்கிட்டான்" என்று வீட்டில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்தேன்.

மறுநாள் அவன் லாரி வாசலில் வந்து நின்றது. இறங்கியது வேறு ஆள், சங்கத்து ஓட்டுநர். கையில் என் கொழுந்தனின் போன். வாசற்படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

"நெஞ்சப் பிடிக்குதுன்னு பொத்தான அமுக்கிட்டாக ஆத்தா. ஆஸ்பத்திரிக்கு வாங்கண்ணேன்னு கூப்பிட்டேன். 'வாய்வா இருக்கும், பழம் உதுந்துரும், நீ கெளம்புடா, நான் பஸ்ஸப் பிடிச்சு மதினி கைச் சோத்துக்குப் போயிருவேன்'னு சொன்னாக. போனக் கழட்டிக் குடுத்தேன். 'அது எறங்குனா லோடு நிக்கிறதாக் காட்டும், அத்தன பேரும் பதறுவாக, வண்டியிலயே கெடக்கட்டும்'னுட்டாக."

திரும்பி வரும்போது குமுளியில் வண்டியை நிறுத்தி விசாரித்திருக்கிறார். பஸ் நிறுத்தத்தில் சாய்ந்து கிடந்தவனை முகம் தெரியாத மலையாளத்துக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். பேச்சு இருந்திருக்கிறது. வீட்டு நம்பர் கேட்டிருக்கிறார்கள். போன் கடையிலிருந்து பேசிய காலத்தில் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவான். இப்போது எல்லா நம்பரும் போனுக்குள் இருந்தது. போன் கோட்டயத்தில் இருந்தது. "எங்க மதினி, எங்க மதினி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தானாம். அதை வைத்து அவர்கள் யாரைத் தேடுவார்கள்? விடிவதற்குள் முடிந்துவிட்டது.

நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். பழம் ஒன்றுகூட உதிரவில்லையாம். அதுதான் எனக்கு ஆறவில்லை.

காரியம் முடிந்தபின் சங்கத்துக் கூட்டத்துக்குப் போனேன். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. "வண்டி கைமாறுச்சுன்னா எறங்குற ஆளு வீட்டுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு அப்பறம் வண்டிய எடுங்க" என்றேன். செயலாளர் சின்னப் பையன், நல்ல பிள்ளை. "செய்தி போற மாதிரி வச்சிருவோம் ஆத்தா. இன்னும் கொஞ்ச காலத்துல டிரைவரே இல்லாத வண்டியெல்லாம் வரப்போகுது, அப்ப இந்தக் கவலையே இல்ல" என்றான்.

"நல்லதாப் போச்சுப்பா. நடுவழியில எறக்கி விடுறதுக்கு ஆள் இருக்காதுல்ல" என்றேன்.

சொன்னபடி இப்போது செய்தி வருகிறது. 'ஓட்டுநர் மாற்றப்பட்டார்.' எழுத்துக் கூட்டி நானே வாசிக்கிறேன். இறங்கினவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், தண்ணீர் குடித்தாரா என்று அதில் இருப்பதில்லை. யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒருத்தி அதைப் பார்த்துவிட்டுச் சோற்றில் கைவைப்பாள்.

போதும். எழுதினதை ஒருதரம் வாசி தாயி. குமுளியில் அவன் இறங்குகிற இடம் வந்ததும் ஓடாதே, கொஞ்சம் நில். அங்கே அவனுக்காக ஒருத்தரும் நிற்கவில்லை.