துருவல் ஏட்டின் துப்பாக்கி விசாரணை

ஸ்டேஷனில் அவருக்குத் துருவல் ஏட்டு என்று பெயர். தேங்காய் துருவுகிற மாதிரி, ஓடு தெரியும்வரை விடமாட்டார். துப்பாக்கி லைசென்ஸ் மனு எது வந்தாலும் இன்ஸ்பெக்டர் அதை இவர் மேசைக்குத்தான் தள்ளுவார். வழக்கு உண்டா, குடி உண்டா என்று எவரும் பார்த்துவிடலாம். இவரோ பக்கத்து வீட்டில் போய், "அவர் வாசல்ல யாராவது வண்டியை நிறுத்தினா என்ன பண்ணுவாரு?" என்று கேட்பார்.

"ஊர் வம்பைச் சம்பளம் வாங்கிக்கிட்டுக் கேக்கிற ஒரே ஆள் நீங்கதான்" என்பாள் மனைவி. அவருக்கு அதில் பெருமைதான்.

அன்று வந்தது புதுப்பிக்கும் மனு. மனுதாரர் வங்கி வாசலில் சொந்தத் துப்பாக்கியோடு காவல் நிற்பவர். லைசென்ஸ் போனால் வேலையும் போய்விடும். மகள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள்.

"வாயில்லாப் பூச்சி சார்" என்றார் மாடிவீட்டுக்காரர்.

எதிர்க்கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "முன்னெல்லாம் இங்க நின்னு அரைமணி நேரம் அரட்டை அடிப்பாரு. ஒரு மாசமா ஆளையே காணோம்."

அது போதும் நம் ஏட்டுக்கு. நேரே வீட்டுக்குப் போனார்.

துப்பாக்கி இருந்த இரும்பு அலமாரியைக் காவலாளி காட்டினார். நல்ல கனமான பூட்டு. தோட்டாக்கள் தனிப் பெட்டியில். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"திறங்க, நம்பரைச் சரிபாக்கணும்."

காவலாளி சட்டைப்பையைத் தடவினார். ஓர் இழுப்பறையைத் திறந்து மூடினார். "எங்கயோ வச்சுட்டேன் சார்."

சாவியைத் தொலைத்தவன் வீட்டையே தலைகீழாகப் புரட்டுவான். இவர் ஓர் இழுப்பறையோடு நிறுத்திக்கொண்டது ஏட்டுக்கு விசித்திரமாகப் பட்டது. சமையலறை வாசலில் போய் நின்றார்.

"சாவி எங்கம்மா?"

காவலாளியின் மனைவி அடுப்பை அணைத்தாள். "சொன்னா அவர் வேலை போயிடுமா சார்?"

"போகலாம்மா." பொய் சொல்ல ஏட்டுக்கு மனம் வரவில்லை.

அவள் கைப்பையின் உள்மடிப்பிலிருந்து சாவியை எடுத்தாள். "இவர் தம்பி செத்ததுலேர்ந்து லீவுல இருக்காரு. சரியாத் தூங்கறதில்ல, சாப்பிடறதில்ல. ஒருநாள் காலைல பாத்தா, அந்த அலமாரி முன்னாடி சும்மா உக்காந்திருக்காரு. அன்னைக்கே எடுத்துட்டேன். இருபது நாளாச்சு. அவருக்குத் தெரியாது."

லைசென்ஸ் இல்லாதவர் கையில் சாவி இருப்பதே குற்றம். அதைக் குறித்துக்கொள்ள ஏட்டு பேனாவை எடுக்கவில்லை. திரும்பினால், பின்னாலேயே காவலாளி.

"இருபது நாளா ஏன் தேடலை?" ஏட்டு மெல்லத்தான் கேட்டார்.

காவலாளி மனைவியின் கையிலிருந்த சாவியையே பார்த்தார்.

"தேடினா கிடைச்சுடுமே சார்."

ஏட்டு சாவியை வாங்கிக்கொண்டார். "துப்பாக்கி ஸ்டேஷன்லயே இருக்கட்டும். கிளம்புங்க, முதல்ல டாக்டரைப் பாத்துட்டு வருவோம். மேனேஜர்கிட்ட நான் பேசிப் பாக்கறேன். ஆனா வேலை போகாதுன்னு உறுதி சொல்ல மாட்டேன்."

வேலையைப் பற்றி அவள் அப்புறம் கேட்கவே இல்லை. ஓடிப்போய்க் கணவனின் செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தாள்.