பொன்னையா மாஸ்டரின் எடுகோள்

“மழை வரும்போல இருக்கு மாஸ்டர், கொடைய எடுத்துட்டுப் போங்க” என்கிறார் நோர்வூட் பஜாரில் தேநீர்க்கடை வைத்திருக்கும் இன்சாப். பொன்னையா மாஸ்டர் குடையை எடுக்கவில்லை, விரலை உயர்த்துகிறார். “இதுல ரெண்டு எடுகோள், அதாவது சொல்லாமலே ஏத்துக்கிட்ட விஷயம், ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு, நான் வெளிய போறேன். ரெண்டு, எங்கிட்ட கொடை இருக்கு.” விளக்கி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொள்கிறது. நனைந்த கோழியாக எதிர்க்கட்டட மாடிக்கு ஏறி, குறையாத பெருமையோடு வகுப்பைத் தொடங்குகிறார்.

ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். அரசாங்கப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கு நுண்ணறிவுப் பாடம் எடுக்கிறார். ‘செல்லசாமி காலைப் பெரட்டுக்குப் போகவில்லை, ஆகவே அவருக்கு இன்று வேலை இல்லை.’ சொல்லாமல் விட்ட எடுகோள் எது? தோட்டத்தில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் நிற்காதவருக்கு வேலை கொடுக்கமாட்டார்கள் என்பது. யாராவது தடுமாறினால் அவருக்குக் கொண்டாட்டம். “மூளைய லயத்துலயே வச்சிட்டு வந்துட்டியா?” லயம் என்று தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைச் சொல்கிறபோது மூக்கைச் சுளிப்பார். அவர் பிறந்ததும் பொகவந்தலாவையில் ஒரு லயத்துக் காம்பராவில்தான். அந்தச் சங்கதி மட்டும் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

அந்தச் சுளிப்பைப் பார்த்தாலே, லயத்திலிருந்து வகுப்புக்கு வரும் தனுஷிகாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பொறுத்துக்கொண்டாள். ஆள்தான் அப்படியே தவிர, பாடம் சுத்தம். ஆவணங்களை உறுதிப்படுத்தும் சமாதான நீதவான் முத்திரையும் அவரிடம் இருந்தது. மறுநாள் நிர்வாக சேவைப் பரீட்சை. வயதெல்லை நெருங்கிவிட்ட அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அனுமதி அட்டையில் அவர் முத்திரை குத்தாவிட்டால் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள்.

அட்டையை வாங்கிப் பார்த்த மாஸ்டர் வகுப்புக்கே கேட்கும்படி சிரித்தார்.

“நிர்வாக சேவையா? ஒங்கம்மா இன்னும் தோட்டத்துல தேயிலைக் கொழுந்துதானே எடுக்குது? ஒனக்கு கிளார்க் வேலையே பெருசு புள்ள.”

தனுஷிகாவுக்கு முகம் சூடேறியது. இத்தனை மாதம் அவர் கற்றுக்கொடுத்ததெல்லாம் அந்த நேரத்தில் நாக்கு நுனியில் வந்து நின்றது.

“சார், இதுல ஒளிஞ்சிருக்கிற எடுகோள் என்னங்க சார்?”

பின் வரிசை வாங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாஸ்டரின் விரல் வழக்கம்போல் உயர்ந்தது. உயர்ந்த விரல் என்ன செய்வதென்று தெரியாமல் இறங்கி முத்திரையைத் தேடிப் பிடித்தது. மைப்பெட்டியில் ஒற்றினார். மறுபடியும் ஒற்றினார். குத்தவேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டியபடி தனுஷிகா நின்றாள். அவரோ தலை நிமிராமல் மையிலேயே ஒற்றிக்கொண்டிருந்தார்.